பணம் அனுப்புவது மகன், குடியிருப்பது அம்மா: வீட்டு உள்ளமைப்பு பற்றி சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரத்தில் சுங்கை சிப்புட் வந்துவிடும். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) மரம். இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயங்களை (தொழிலாளர் குடியிருப்புகளை) விட்டு வெளியேறித் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கிய குடும்பங்கள்தான், வீட்டு உள்ளமைப்பு வடிவமைக்கும் எங்களிடம் அதிகம் வருகின்றன. பெரும்பாலும் 20 அடி அகலமும் 65 அல்லது 70 அடி நீளமும் உள்ள மனையில், மாடியில்லாத வரிசை வீடு. வீடுகள் ஒரே மாதிரி என்பதாலோ என்னவோ, கேள்விகளும் ஒரே மாதிரிதான் வருகின்றன. முதல் சந்திப்புக்கு முன் இதைப் படித்துவிட்டு வந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் நேரம் மிச்சம்.

காண்ட்ரெக்டரே படம் போட்டுத் தருகிறார். டிசைனர் தனியாக எதற்கு?

வேலை சின்னது என்றால் தேவையில்லை. ஓர் அறைக்கு அலமாரி, ஒரு குளியலறைக்கு டைல்ஸ் என்றால் நல்ல காண்ட்ரெக்டரும் கைத்திறன் உள்ள ஆசாரியும் போதும். எங்களிடம் வந்தாலும் அதைத்தான் சொல்வோம்.

சுவர், தண்ணீர்க் குழாய், மின்சாரம், கேபினட் எல்லாம் சேர்ந்து மாறும்போதுதான் டிசைனர் தேவைப்படுகிறார். அவருடைய வேலை கேட்பது, அளப்பது, வரைவது, பொருள் தேர்வு செய்வது, வரைந்தபடி நடக்கிறதா என்று கட்டட இடத்துக்கே போய்ப் பார்ப்பது. இதில் கேட்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். வந்ததும் வராததுமாக "எத்தனை அடி கேபினட்?" என்று ஒருவர் ஆரம்பித்தால், அவர் உங்கள் வீட்டைப் பற்றி இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

மலேசியாவில் இந்தத் தொழிலுக்குப் பதிவு உண்டு. 1967ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் சட்டத்தின் கீழ், லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியா என்ற வாரியம் இண்டீரியர் டிசைனர்களையும் பதிவு செய்கிறது. பதிவு இல்லாத எல்லாரும் மோசமானவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் "நீங்கள் பதிவு பெற்றவரா, காண்ட்ரெக்டர் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில்) பதிவு செய்தவரா?" என்று கேட்க நீங்கள் தயங்க வேண்டாம். கேட்டதும் முகம் சுளிப்பவரை விட்டு விலகிவிடுங்கள்.

நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். பணம் நான் தருகிறேன். வீட்டில் இருப்பது அம்மா அப்பா. யாரிடம் பேசுவீர்கள்?

இருவரிடமும். ஆனால் முதலில் அம்மாவிடம், அதுவும் அவருடைய வீட்டில், முடிந்தால் அவர் சமைக்கும் நேரத்தில்.

இந்த ஊரில் வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. மகன் கேஎல்லில் அல்லது சிங்கப்பூரில் இருப்பார். போனில் படங்கள் வரும். மருமகள் நிறம் தேர்வு செய்வார். அம்மாவைக் கேட்டால், "பையன் சொல்றபடி செய்ங்கய்யா, நல்லா இருந்தா சரி" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அந்த வீடு அப்போதே கெட்டது. தோட்டத்தில் வீடு நிர்வாகம் கொடுத்தது. இருந்ததை வைத்துச் சமாளித்த தலைமுறை அது. தன் உயரத்துக்கு அடுப்பு மேடை கேட்கலாம், தன் முழங்காலுக்குத் தோதாகக் கழிவறை கேட்கலாம் என்பதே அவர்களுக்குப் புதிது.

அதனால் "என்ன வேண்டும்?" என்று நாங்கள் கேட்பதில்லை. என்ன செய்கிறார் என்று கேட்போம். அரிசிப் பை எங்கே இருக்கிறது, யார் தூக்கி வைப்பார்? வெங்காயம் உரிப்பது நின்றா, உட்கார்ந்தா? பேரப்பிள்ளைகள் வந்தால் எத்தனை பேர், எங்கே படுப்பார்கள்? மத்தியானம் நீங்கள் எங்கே சாய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மகனுக்கே ஆச்சரியமாக இருக்கும். கட்டிலும் ஏசியும் இருக்க, அம்மா கூடத்துத் தரையில், பின் கதவிலிருந்து காற்று வரும் வழியில் தலையணை போட்டுப் படுப்பவராக இருப்பார். தரை குளிர்ச்சியாக இருக்கிறது, காற்று வருகிறது, வாசலில் யார் வந்தாலும் தெரிகிறது. அந்த இடத்தில் எல் வடிவ சோபாவைப் போட்டு அடைத்துவிட்டால், படம் அழகாக இருக்கும். அம்மாவுக்கு மத்தியானம் போய்விடும்.

பிறகு நாங்கள் செய்வது இது. மொத்தச் செலவுக்குப் பணம் தருபவரின் ஒப்புதல். அடுப்பு மேடை, குளியலறை, சாமி மேடை, படுக்கை ஆகிய நான்குக்கும் குடியிருப்பவரின் ஒப்புதல். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம். சில பிள்ளைகளுக்கு முதலில் மனம் கசக்கும். பரவாயில்லை.

வரைபடம் அம்மாவுக்குப் புரியாதே?

புரிய வேண்டியதில்லை. பிளானைப் படிப்பது எங்கள் தொழில். சுண்ணாம்புக் கட்டியோ டேப்போ எடுத்து, கேபினட் வரும் இடத்தைத் தரையில் அதே அளவில் போட்டுக் காட்டுவோம். அவர் நடந்து பார்ப்பார், குனிவது போலச் செய்து பார்ப்பார். "இங்க ரெண்டு பேரு நிக்க முடியாதே" என்று உடனே சொல்லிவிடுவார்.

முப்பரிமாணப் படத்தைவிட நான் இதைத்தான் நம்புகிறேன். அந்தப் படங்களில் அகலக் கோணத்தில் காட்டுவார்கள். 10 அடி அறை 14 அடி போலத் தெரியும். நிறமும் போன் திரையில் ஒன்று, சுவரில் வேறு. சாயத்தை ஒரு பலகையில் அடித்து, காலையிலும் மாலையிலும் அதே சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

போனில் நிறைய படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

அனுப்புங்கள். அதோடு உங்கள் வீட்டில் உங்களுக்கு எரிச்சல் தரும் இடங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள்: செருப்பு குவியும் மூலை, துணி காயும் இடம், வயர் தொங்கும் சுவர், ஒழுகும் கூரை. எங்களுக்கு அதிகம் பயன்படுவது இந்த இரண்டாவது கட்டுதான்.

சமையலறையில் எதில் செலவு செய்வது?

முதலில் உயரத்தில். அதற்குக் காசே ஆகாது. கடையில் விற்கும் கேபினட் மேடை 34 முதல் 36 அங்குல உயரம் இருக்கும். நின்றபடி முழங்கையை மடக்கி, அந்த உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் வருவதுதான் நறுக்குவதற்கும் பிசைவதற்கும் உங்களுக்கு ஏற்ற உயரம். 4 அடி 10 அங்குலம் இருக்கும் ஓர் அம்மாவுக்கு அது 31, 32 அங்குலத்தில் நிற்கும். 36 அங்குல மேடையில் அவர் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்வார். சாயங்காலம் கழுத்து வலிக்குத் தைலம் தேய்ப்பார். அடுப்பு வரும் பகுதியை இன்னும் தாழ்த்த வேண்டும். பெரிய சட்டி ஏறினால் அதன் விளிம்பு எங்கே வரும் என்று பாருங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுடுபவர் வீட்டில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, புகை போகும் வழி. சம்பல் வதக்கி, மீன் பொரித்து, தாளித்துக் கொட்டும் சமையல் நம்முடையது. அடுப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு மேலே அழகான உறிஞ்சி மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். பின்புறம் காற்றோட்டமான ஈரச் சமையலறை, உள்ளே தேநீர் கலக்கவும் சோறு போடவும் ஒரு சின்ன மேடை என்று பிரிப்பதுதான் இங்கே பலன் தருகிறது.

மூன்றாவது, பலகை. ஈரச் சமையலறையில் மெலமின் ஒட்டிய சிப் பலகை வேண்டாம். தண்ணீர் பட்ட விளிம்பு ஊதி, மூடி தொங்கிவிடும். எங்கள் சிபாரிசு பழைய முறைதான்: செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய மேடை, மேலே டைல்ஸ், கீழே அலுமினியக் கதவு. கரையானுக்கும் அதில் வேலையில்லை. பார்க்கப் பகட்டாக இல்லை என்று மருமகள்கள் சொல்வார்கள். கதவின் நிறத்தை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் சண்டை தீரும். உள் சமையலறைக்கு பிளைவுட் நல்லது.

14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) நிற்கும் இடத்தையும் மறக்காமல் கேளுங்கள். மாற்ற வருபவர் வீட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா, பின் கதவிலேயே முடிந்துவிடுமா என்பது இருபது வருடத்துக்கான கேள்வி.

சாமி மேடை பற்றி டிசைனருக்கு என்ன தெரியும்?

தெரியாவிட்டால் கேட்கத் தெரிய வேண்டும். யார் விளக்கேற்றுவது, நின்றா, உட்கார்ந்தா? எத்தனை படங்கள், அவற்றில் மறைந்தவர்களின் படம் சாமி படத்தோடு இருக்குமா, தனிச் சுவரா? இதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம். சிலர் வீட்டில் முனியாண்டிக்கு வெளியே தனி இடம் இருக்கும், அதையும் சொல்லிவிடுங்கள். போர்ச்சுக்குக் கூரை நீட்டும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

எங்கள் தரப்பில் பார்ப்பது தீயும் புகையும். சூடமும் சாம்பிராணியும் தினமும் ஏறும் இடத்துக்கு மேல் தாழ்வான பிளாஸ்டர் சீலிங் போட்டால் ஒரே வருடத்தில் கறுத்துவிடும். விளக்குக்கு மேல் பலகைத் தட்டு கூடாது. பின்பக்கம் குளியலறைச் சுவராக இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம், யாரும் கேட்காவிட்டாலும்.

வாஸ்து பார்ப்பீர்களா?

நாங்கள் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்தால் வரைவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். குழாய் போட்டு முடித்த பிறகு அடுப்பை அக்கினி மூலைக்கு நகர்த்தச் சொன்னால் செலவு உங்களுடையது.

கூடத்தில் டிவிக்குப் பெரிய அலமாரி அடிக்கலாமா?

அடிக்கலாம். சுவரோடு ஆணி அடித்து நிலையாக நிற்பதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நம் கூடம் வருடம் முழுக்க டிவி பார்க்கும் இடம் மட்டுமில்லை. தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பில் ஊரே வந்து உட்காரும். பரிசம் போடுவதும் அங்கேதான். கெட்டது நடந்தால் பெட்டியை வைப்பதும் அங்கேதான். தலைமாட்டில் விளக்கு, சுற்றி உட்காரப் பெண்கள், உள்ளே வந்து வெளியேறும் வழி எல்லாம் வேண்டும். இதை வாடிக்கையாளர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நாங்களும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வாசல் கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, நாலு பேர் தூக்கினால் நகரும் சாமான் எது என்று பார்த்து வைத்துக்கொள்கிறோம்.

வயதானவர் இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவும் அகலமாக இருக்கட்டும். 900 மில்லிமீட்டர் கதவு வைத்தால் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழையும். படியை எடுத்துவிட்டுத் தரையைச் சரிவாக்கலாம். கைப்பிடியை இப்போது வேண்டாம் என்றால்கூட, அது வரும் இடத்தில் சுவரை உறுதிப்படுத்தி வைத்துவிட்டால் பிறகு உடைக்க வேண்டாம்.

அம்மா பழைய சாமான் எதையும் விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

விடச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு நாள் வெளியே எடுத்து வைத்து, தினமும் தொடுவது, வருடத்துக்கு ஒருமுறை தொடுவது, தொடவே தொடாதது என்று அவரே பிரிக்கட்டும். பித்தளை அண்டா இரண்டாவது வகை; மேல் பரணுக்குப் போகலாம். தையல் மெஷின் பெரும்பாலும் முதல் வகை. அதற்கு ஜன்னல் ஓரம் வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் சுவாரஸ்யம். தாத்தாவின் பால் வெட்டும் கத்தி, பீங்கான் மங்கு, தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எடுத்த குழுப்படம். பிள்ளைகள் இதையெல்லாம் குப்பை என்பார்கள். அதே பிள்ளைகள் ஈப்போ பழைய நகரத்துக் காப்பிக் கடையில் இதே மங்கைச் சுவரில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்தால் வீடு அருங்காட்சியகம் ஆகிவிடும். ஒன்றோ இரண்டோ போதும், தூசு தட்ட எட்டும் உயரத்தில். எது என்று அம்மா சொல்லட்டும்.

கித்தா மர மேசை நிலைக்குமா?

வீட்டுக்குள், ஈரம் படாத இடத்தில் நன்றாக நிலைக்கும். பால் வற்றிய கித்தா மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்வார்கள். முன்பு விறகாகப் போன அந்த மரம்தான் இன்று மலேசிய மரச் சாமான் ஏற்றுமதிக்கு முக்கிய மூலப்பொருள். மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். வாங்கும்போது கேட்க வேண்டியது அதுதான். போர்ச்சிலோ ஈரச் சமையலறையிலோ வைக்காதீர்கள்.

அப்பா அம்மா பால் வெட்டிய மரம் என்று சொல்லி, உணவு மேசையை இந்த மரத்தில்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விலையும் தேக்கைவிடக் குறைவு, அதனால் நாங்கள் மறுப்பதில்லை.

பின்னால் இழுத்துக் கட்டிச் சமையலறையைப் பெரிதாக்க வேண்டும். அனுமதி தேவையா?

தேவை. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி கட்டடத்தில் மாற்றம் செய்ய ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோல கங்சார் நகராண்மைக் கழகம். "பக்கத்து வீட்டில் எல்லாரும் கட்டியிருக்கிறார்களே" என்பது பதில் ஆகாது.

அனுமதியைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பின்புறம் முழுக்கக் கூரை போட்டு மூடினால், பின் படுக்கையறை ஜன்னல் சமையலறைக்குள் திறக்கும். அந்த அறைக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, மீன் வாசனை மட்டும் உண்டு. வரிசை வீடுகளில் வீட்டின் நடுப்பகுதி இருட்டாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த இழுத்துக் கட்டுதல்தான். இரண்டு அடி அகலத்துக்காவது திறந்தவெளி விட்டுக் கட்டுங்கள். முடியாவிட்டால் கூரையில் ஒரு பகுதியை ஒளி புகும் தகடாக்கி, பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விடுங்கள்.

புது வீடு வாங்கியவர்களுக்கு இன்னொன்று. மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டுக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாடு திருத்தும் பொறுப்பு அவருடையது. நீங்கள் உடைத்து மாற்றிய சுவரில் விரிசல் வந்தால் யார் தவறு என்று வாதாட வேண்டியிருக்கும். முதலில் குறைகளை எழுதிக்கொடுத்துச் சரிசெய்துகொண்டு, பிறகு உடைக்கத் தொடங்குங்கள்.

கட்டணம் எப்படி? இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எடுக்கலாமா?

இரண்டு முறை உண்டு. வரைவதற்கும் மேற்பார்வைக்கும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, காண்ட்ரெக்டரை நீங்கள் தேர்வது ஒன்று. வரைவது முதல் மாட்டுவது வரை ஒரே ஆள் செய்வது இன்னொன்று. அதில் "டிசைன் இலவசம்" என்பார்கள். இலவசம் ஒன்றும் இல்லை, கேபினட் விலைக்குள் இருக்கிறது. எந்த முறையானாலும் பலகையின் வகை, தடிமன், கீல், கைப்பிடி, எத்தனை மின் புள்ளி என்று வரிவரியாக விலைப்பட்டியல் வேண்டும். "கிச்சன் ஒரு செட்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடு வாங்க, கட்ட, வீட்டுக் கடனைக் குறைக்க இபிஎஃப் பணத்தை எடுக்க வழி உண்டு. புதுப்பிக்க என்று தனியாக வழி இல்லை. 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகு, 55 வயதுக்கு உட்பட்டவர்கள் நெகிழ்வுக் கணக்கில் இருப்பதை எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம். புதிதாகச் சேரும் சந்தாவில் அதற்குப் போவது 10 விழுக்காடுதான். அதையும் கேபினட்டுக்குப் போட வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். அந்த வேலையைச் செய்து தரும் நானே சொல்கிறேன்.

முன்பணம் வாங்கியவர் போனை எடுப்பதில்லை. எங்கே போவது?

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 3 வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். இப்படிப் போகாமல் இருக்க ஒரே வழி, முடிந்த வேலைக்குப் பணம் என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பது. பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவருக்கு ஏன் அவ்வளவு தேவை என்று கேளுங்கள்.

தீபாவளிக்குள் முடியுமா?

புரட்டாசியில் வந்து கேட்டால் முடியாது. எல்லாரும் அப்போதுதான் வருகிறார்கள். சீனப் புத்தாண்டுக்குப் பலகைத் தொழிற்சாலைகள் மூடும், நோன்புப் பெருநாளுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். அதையெல்லாம் கழித்துவிட்டு எண்ணுங்கள். ஆடிக்கு முன்பே வரைபடம் முடிந்திருந்தால் நிம்மதி.

புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டால் அதை முதல் நாளே சொல்லுங்கள். கேபினட் வராவிட்டாலும் பால் காய்ச்ச ஓர் அடுப்பு மேடையும் தண்ணீரும் அன்றைக்குத் தயாராக இருக்கும்படி வேலையை மாற்றி அடுக்கலாம்.

கணவன் ஒன்று சொல்கிறார், மனைவி ஒன்று சொல்கிறார். நீங்கள் யார் பக்கம்?

அந்த இடத்தில் அதிக நேரம் இருப்பவர் பக்கம். கார் நிறுத்தும் இடத்தில் பெரும்பாலும் கணவர் ஜெயிப்பார்.

தோட்டத்து வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருக்கிறோம். எங்களுக்கும் செய்வீர்களா?

செய்வோம், ஆனால் சுவரைத் தொடமாட்டோம். போகும்போது எடுத்துச் செல்லக்கூடிய தனி அலமாரி, திரை, விளக்கு இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவருக்குச் சாயம் அடிப்பதற்கு முன்கூட நிர்வாகத்திடமோ வீட்டுக்காரரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வேலை முடிந்து சாவி வாங்கும் அன்று எதைப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு கதவையும் இழுப்பறையையும் அம்மாவே திறந்து மூடட்டும். குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அது வடிகாலுக்குப் போகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். சுடுநீர்ப் பெட்டிக்கான மின்கசிவுத் துண்டிப்பானில் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே சுவிட்ச் விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். எல்லா ஜன்னலுக்கும் கிரில் போட்டிருந்தால், படுக்கையறையில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும், அதன் சாவி எங்கே தொங்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். குறைகளை ஒரே தாளில் எழுதி, நீங்களும் வேலை செய்தவரும் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.